ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் செரிமான நொதிகள்: ரத்தம் எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

கடலூரில் மனிதர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் பதினாறு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் என்று தினமும் ட்யூப்களோடுதான் பிழைப்பு. அந்தத் தைரியத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வீட்டில் கறுப்பன் என்று ஒரு லேப்ரடார். அப்போது நான்கு வயது, உடம்புக்கு ஒன்றுமில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில், வருடத்துக்கு ஒருமுறை ரத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நம்மிடமே மெஷின் இருக்கிறதே, தனியாக எதற்குக் காசு என்று, ரத்தத்தை மட்டும் அங்கே எடுத்து வாங்கிக்கொண்டு வந்து, இரவு வேலை முடிந்ததும் எங்கள் மெஷினில் ஓட்டினேன். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி 912. பக்கத்தில் சிவப்பில் 'அதிகம்' என்ற குறி. மனிதருக்கு 110-ஐத் தாண்டினாலே நாங்கள் இரண்டாவது தடவை பார்ப்போம். 900 என்றால் அந்த ஆளை உட்காரவைத்துவிட்டு டாக்டருக்கு போன் அடிப்போம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கணையம் போச்சு என்று நானே முடிவு கட்டி, நான்கு நாள் வெறும் கஞ்சி ஊற்றினேன். அது தட்டைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி தட்டைப் பார்க்கும்.

ஐந்தாவது நாள் கால்நடை டாக்டரம்மாவிடம் பேப்பரை நீட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். "ஏன் தம்பி, மனுஷன் அளவுகோலை வெச்சு நாயை அளந்திருக்க. இந்த நம்பர் வரலன்னாதான் எனக்கு ஆச்சரியம்" என்றார்.

ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் செரிமான நொதிகள் எப்போதும் இருக்கும். அமைலேஸ் மனிதரைவிடப் பல மடங்கு இருக்கும். அமைலேஸும், கொழுப்பை உடைக்கும் லைபேஸும் கணையத்திலிருந்து மட்டும் வருவதும் இல்லை. இந்த மூன்றும் தெரியாமல் அமைலேஸ், லைபேஸ் வரிகளைப் படித்தால், என்னைப் போல நல்ல நாயைப் பட்டினி போடுவீர்கள். இல்லை, உண்மையிலேயே சீக்கான நாயை விட்டுவிடுவீர்கள். ஆகவே வரிசையாகப் போவோம்.

படி 1: எந்த நொதி எந்த வீட்டில் குடியிருக்கிறது

வாயிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பிடி வெறும் சோற்றை நன்றாக மென்றால் நமக்கு லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் வரும் இனிப்பு அது. நாயின் எச்சிலில் அமைலேஸ் ஏறக்குறைய இல்லை. அது மெல்லுவதும் இல்லை, நான்கு வாயில் தட்டு காலி. வாயில் நடக்காத வேலை எல்லாம் கீழே நடக்க வேண்டும்.

இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சின் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும்போது அது பெப்சினோஜன் என்ற தூங்கும் வடிவம்; வெளியே வந்து அமிலம் பட்டதும் விழிக்கிறது. நாயின் இரைப்பைச் சுவர் லைபேஸையும் சுரக்கிறது. இந்த இரைப்பை லைபேஸை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பெரிய சமையல்கட்டு கணையம். நாயின் கணையம் இரண்டு கை நீட்டியதுபோல வளைந்த உறுப்பு: ஒரு கை முன்சிறுகுடலை ஒட்டியும், இன்னொரு கை இரைப்பைக்குப் பின்னாலும் கிடக்கும். வெளிர் சிவப்பு நிறம், சின்னச் சின்ன மணிகளைச் சேர்த்து ஒட்டினாற்போல் இருக்கும். கறிக்கடையில் ஈரலுக்குப் பேர் உண்டு, மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பேர் உண்டு. கணையத்துக்கு நான் கேட்ட கடைகளில் பேரே இல்லை, கழிவோடு போய்விடுகிறது. மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைபேஸ், புரதத்துக்கு டிரிப்சின், கைமோடிரிப்சின் எல்லாம் இங்கேதான் உற்பத்தி. ஆனால் புரதத்தை உடைப்பவற்றை விழித்த நிலையில் வைத்தால் கணையமே கரைந்துவிடும் அல்லவா? அதனால் அவை தூங்கும் வடிவத்தில்தான் செல்லுக்குள் பொட்டலம் கட்டப்படுகின்றன. டிரிப்சினுக்கு முந்தைய வடிவம் டிரிப்சினோஜன். அது குழாய் வழியாகக் குடலுக்கு வந்த பிறகு, குடல் சுவரில் இருக்கும் என்டரோகைனேஸ் தட்டி எழுப்புகிறது. எழுந்த டிரிப்சின் மற்றவற்றை எழுப்புகிறது. தவறுதலாக ஒன்றிரண்டு கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் அமுக்குவதற்கு ஒரு காவல் புரதமும் அங்கேயே இருக்கிறது.

கடைசியில் சிறுகுடலின் உட்சுவர். மால்டேஸ், சுக்ரேஸ், லாக்டேஸ், புரதத் துண்டுகளை நறுக்கும் பெப்டிடேஸ்கள் அங்கே சுவரோடு ஒட்டியே இருக்கின்றன. பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ், குட்டி பால்குடி மறந்த பிறகு குறைந்துபோகும். வளர்ந்த நாய்க்கு ஒரு டம்ளர் பால் வைத்தால் மறுநாள் வாசல் கழுவ வேண்டியிருப்பது இதனால்தான். தயிரில் லாக்டோஸ் குறைவு, அதனால் தயிர்சாதம் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை.

அமைலேஸ் செயல்பாடு கணையத்தில் மிக அதிகம் என்றாலும், நாயின் சிறுகுடலிலும் கல்லீரலிலும்கூட அது உண்டு.

படி 2: சோறு தின்னும் நாயா, கறி தின்னும் ஓநாயா?

இது படி என்பதைவிட ஒரு சின்ன இடைவேளை. 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று நாயையும் ஓநாயையும் மரபணு அளவில் ஒப்பிட்டது. கணைய அமைலேஸுக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகள்தான். நாயில் 4 முதல் 30 வரை. கணையத்தில் அந்த மரபணு வேலை செய்யும் அளவு ஓநாயைவிட 28 மடங்கு, ரத்தத்தில் அமைலேஸ் செயல்பாடு 4.7 மடங்கு அதிகம். மனிதனோடு சேர்ந்து தானியம் தின்னப் பழகிய விலங்கு என்பதற்கு ரத்தத்திலேயே கையெழுத்து இருக்கிறது.

சோறு போட்டால் நாய்க்குச் செரிக்காது, ஓநாய் வம்சம், பச்சைக் கறிதான் போட வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்து நாட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய சோற்றிலும் கருவாட்டுத் தலையிலும் வளர்ந்தவை. சோறு மட்டும் போட்டால் சத்து போதாது என்பது வேறு விஷயம், அது உண்மை. செரிக்காது என்பது உண்மை இல்லை.

படி 3: ரத்தத்துக்குள் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது

கணையத்தின் செல்கள் நொதியைக் குழாய்ப் பக்கம்தான் தள்ளுகின்றன. ஆனால் எந்தப் பானையும் கொஞ்சம் கசியும். ஒரு சிறு பங்கு பின்பக்கமாகக் கசிந்து நிணநீரிலும் ரத்தத்திலும் சேர்கிறது. செல்கள் தேய்ந்து புதுப்பிக்கப்படும்போதும் கொஞ்சம் வெளியேறுகிறது. ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் நாம் அளப்பது இந்த அன்றாடக் கசிவைத்தான்.

வந்தது அங்கேயே தங்குவதில்லை. இதை ரத்தத்திலிருந்து அகற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக ரிப்போர்ட்டில் தெரியும் எண், உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் நடுவில் நிற்கும் மட்டம். வீட்டு மேல்தொட்டி மாதிரி: தண்ணீர் நிரம்பி வழிந்தால் மோட்டாரை யாரோ அதிக நேரம் ஓடவிட்டிருக்கலாம், கீழே குழாய் அடைத்துக்கொண்டும் இருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது.

புரதத்தை உடைக்கும் நொதி விழித்த நிலையில் ரத்தத்துக்குள் வந்தால் ஆபத்து. அதற்கும் காவல் உண்டு: ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின், ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்ற இரண்டு புரதங்கள் அதைப் பிடித்துக் கட்டிவிடும். ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் சுற்றுவது பெரும்பாலும் தூங்கும் டிரிப்சினோஜன்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு செய்தி: கணையநீர் கொழுப்பைச் செரிக்கவைக்கிறது என்று 1840-களின் கடைசியில் நிறுவியவர் க்ளோத் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர். 1856-இல் கணையத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் இந்த விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தவை பெரும்பாலும் நாய்கள்தான். மேசையில் கட்டப்பட்டு, கணையக் குழாயில் ஓட்டை போடப்பட்டு. பிறகு வந்த சோதனைகளில் நாயின் கணையத்தையே எடுத்துவிட்டு ரத்தத்தைப் பார்த்தபோது, அமைலேஸும் லைபேஸும் கணிசமாக மிச்சம் இருந்தன. டிரிப்சினோஜன் மட்டும் அடியோடு சரிந்தது. கணையம் இல்லாத நாயிலும் அமைலேஸ் உண்டென்றால், அமைலேஸைக் கணையத்தின் குரல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நாய்களுக்குப் பெயர் வைத்தார்களா என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

படி 4: ரத்தம் எடுப்பதற்கு முந்தைய இரவும் அன்றைய காலையும்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். என் தொழில் புத்தி அது. மெஷின் தப்பு செய்வது அபூர்வம். அதற்குள் போகும் ரத்தத்தில்தான் தப்பு இருக்கும்.

முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு முடிய வேண்டும். மறுநாள் காலை எட்டுக்கு ரத்தம். 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் தாராளமாக வைக்கலாம். குட்டிக்கும், சர்க்கரை வியாதிக்கு ஊசி போடும் நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரிடம் கேளுங்கள். பட்டினி எதற்கு என்றால், சாப்பிட்ட நாயின் சீரம் (ரத்தம் உறைந்த பிறகு மேலே பிரியும் தெளிநீர்) பால் கலந்தாற்போல வெளுத்திருக்கும். கொழுப்பு மிதக்கும் அந்தச் சீரத்தில் மெஷினின் ஒளி சரியாக ஊடுருவாது, எண் ஏறும் இறங்கும். வீட்டில் பாட்டி இருந்தால் முதல்நாளே சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா விடியற்காலை ஒரு பிஸ்கட் போட்டுவிட்டு, "ஒண்ணே ஒண்ணுதான்டா" என்றார்.

காலையில் ஒரு சீட்டில், கடந்த ஒரு மாதத்தில் நாய்க்குப் போட்ட ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள். குறிப்பாக ஸ்டீராய்டு. தோல் அரிப்புக்கு என்று போடும் ஊசியில், ஏன் காதுச் சொட்டு மருந்தில்கூட அது இருக்கலாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்ட நாயின் லைபேஸ், கணையத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே பல மடங்கு ஏறும். அதே மருந்தில் அமைலேஸ் ஏறுவதில்லை, இறங்கவும் செய்யலாம்.

பெரும்பாலும் முன்னங்காலில் இருந்துதான் எடுப்பார்கள். முடியைக் கொஞ்சம் மழித்து, ஸ்பிரிட் தடவி, ஒருவர் முழங்கை மடிப்பைப் பிடித்துக்கொள்ள நரம்பு எழும்பும். நாயின் தலைப் பக்கம் நீங்கள் நின்று பேசிக்கொண்டே இருங்கள். நாய் திமிறி, ஊசி இரண்டு மூன்று முறை குத்தி, சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். சீரம் தெளிவாக இல்லாமல் ரோஸ்மில்க் நிறத்தில் நிற்கும். அந்த ட்யூபை நான் என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ட்யூப் மூடியின் நிறத்தைப் பாருங்கள். இந்த நொதிகளுக்குச் சிவப்பு மூடி அல்லது ஜெல் உள்ள மஞ்சள் மூடி. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற பொருள் இருக்கிறது, அந்த ட்யூப் ரத்த அணு எண்ணுவதற்கு. அமைலேஸ் என்ற நொதி கால்சியம் இல்லாமல் வேலை செய்யாது. ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊதா மூடி ரத்தத்தில் அமைலேஸ் பார்த்தால், இருக்கும் நொதி இல்லாததுபோலக் காட்டும். அவசரத்தில் ஊதா ட்யூபிலிருந்து சிவப்பு ட்யூபுக்குக் கொஞ்சம் ஊற்றிச் சமாளிப்பதும் இதே தப்புதான்.

எடுத்த ரத்தம் அரைமணி நேரம் அசையாமல் நின்று உறைய வேண்டும். பிறகுதான் சுழற்றிச் சீரத்தைப் பிரிப்பார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், முடிந்தவரை பிரித்த சீரமாக வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். ஐஸ் நேராக ட்யூபைத் தொடாமல் நடுவில் துணி இருக்கட்டும். சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவருக்குள் போட்டுக்கொண்டு போன ரத்தத்தை வைத்து யாரும் ஜோசியம் சொல்ல முடியாது.

படி 5: அளவுகோல் யாருடையது?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்ணைப் பார்க்காதீர்கள். முதலில் மேலே பாருங்கள்: இனம் என்ற இடத்தில் நாய் என்று இருக்கிறதா? பிறகு வலது ஓரத்தில் இருக்கும் 'இயல்பு வரம்பு' நாய்க்கானதா?

மனிதரின் அமைலேஸ் சுமாராக லிட்டருக்கு 30 முதல் 110 யூனிட். நாய்க்குப் பல லேப்களில் மேல் எல்லை 1,500 வரை போகும். கறுப்பனின் 912 அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. நான் ஓட்டிய மெஷின் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அது மாவுச்சத்தை ஒத்த ஒரு பொருளை நொதி எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று அளக்கிறது. உடைப்பது மனித நொதியா நாய் நொதியா என்று அது கேட்பதில்லை. எண் ஏறக்குறைய சரி, பக்கத்தில் அச்சான வரம்புதான் தப்பு.

லைபேஸ் இன்னும் வம்பு. அளக்கும் முறைகள் பல. ஒரே நாயின் ஒரே சீரத்தை இரண்டு முறைகளில் ஓட்டினால், ஒன்றில் நூறைச் சுற்றியும் இன்னொன்றில் பல நூறிலும் வரலாம், இரண்டும் சரியாகவே இருக்கலாம். அதனால் போன வருடம் ஒரு லேப், இந்த வருடம் வேறு லேப் என்று எடுத்து, 'லைபேஸ் நான்கு மடங்கு ஏறிடுச்சு' என்று அலறக்கூடாது. ஒரே லேப், ஒரே முறை என்றால்தான் ஒப்பிடலாம்.

இயல்பு வரம்பு என்பதே என்ன? ஆரோக்கியமான நாய்கள் பலவற்றின் ரத்தத்தைப் பார்த்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது நூறு நல்ல நாய்களில் ஐந்து, நோய் இல்லாமலேயே வரம்புக்கு வெளியே நிற்கும். ஒரே ரிப்போர்ட்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் இருந்தால், ஒன்றாவது சிவப்பில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். எல்லாமே கறுப்பில் வரும் ரிப்போர்ட்தான் குறைவு. எங்கள் கவுண்டரில் நிற்பவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன், யாரும் நம்புவதில்லை.

படி 6: நாயின் வரம்பையே தாண்டியிருந்தால்

இப்போது தொட்டிக் கணக்குக்குத் திரும்புங்கள். அதே ரிப்போர்ட்டில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின், யூரியா வரிகளைத் தேடுங்கள். சிறுநீரகம் சுணங்கினால் அமைலேஸும் லைபேஸும் இரண்டு மூன்று மடங்கு தேங்கி நிற்கும், கணையம் நன்றாக இருந்தாலும். நம் பக்கத்தில் இதற்கு ஒரு பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, எலிவளைகள் முழுகும்போது, அந்தத் தண்ணீரைக் குடிக்கும் நாய்க்கு லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் கிருமி தொற்றலாம். அது சிறுநீரகத்தையும் ஈரலையும் அடிக்கும். மழைக்காலத்தில் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் நாயின் ரிப்போர்ட்டில் அமைலேஸ் அதிகம் என்று கணையத்தையே முறைத்துக்கொண்டிருந்தால், கிரியாட்டினின் பக்கத்து வரியில் கத்திக்கொண்டிருக்கும். இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் அதன் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்க வேண்டாம்.

அடுத்து ஈரல் வரிகள், பிறகு ஸ்டீராய்டு சீட்டு, பிறகு குடல்: வாந்தி, பேதி, எதையாவது விழுங்கியதா. இரைப்பை லைபேஸை நினைவில் வைக்கச் சொன்னேனே, இங்கேதான். இரைப்பை, குடல் அழற்சியிலும் இந்த எண்கள் ஏறலாம்.

மேல் எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் கணையத்தின் மேல் சந்தேகம் வலுக்கும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் நாட்டுக்கணக்கு. அது கணக்குத்தான், தீர்ப்பு இல்லை. எண் இயல்பாக இருந்தும் கணைய அழற்சி இருக்கலாம்.

எண் குறைவாக இருந்தால்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அமைலேஸ் குறைவு என்பதால் கணையம் சுரக்கவில்லை என்று சொல்ல முடியாது, மற்ற திசுக்கள் ஈடுகட்டிவிடும்.

படி 7: ஆளைப் பார்த்து அடையாளம் சொல்லும் சோதனைகள்

கடலூர் துறைமுகத்தில் காலையில் மீன் வெட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ மீன் வெட்டப்பட்டது என்று எடைபோட்டால் வேலையின் அளவு தெரியும். யார் வெட்டினார்கள் என்று தெரியாது. அமைலேஸ், லைபேஸ் சோதனைகள் அந்த எடைபோடும் வகை. அடுத்து வருபவை முகம் பார்க்கும் வகை.

ஒன்று, நாயின் கணைய லைபேஸை மட்டும் அடையாளம் காணும் சோதனை. ரிப்போர்ட்டில் சிபிஎல் அல்லது சிபிஎல்ஐ என்று இருக்கும். கணையத்தின் லைபேஸில் மட்டும் ஒட்டும் எதிர்ப்புரதத்தை வைத்துப் பார்ப்பதால் இரைப்பை லைபேஸ் குழப்பாது. அதிகம் புழங்கும் முறையில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை இயல்பு. 400-உம் அதற்கு மேலும் கணைய அழற்சியோடு ஒத்துப்போகும். நடுவில் இருப்பது சாம்பல் நிறப் பகுதி, சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். உடனடியாகப் பார்க்கும் பட்டைச் சோதனையும் இருக்கிறது. அதில் 'இல்லை' என்று வந்தால் கணைய அழற்சிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. 'உண்டு' என்று வந்தால் மட்டும் போதாது, உறுதி செய்ய வேண்டும்.

இன்னொன்று டிஎல்ஐ. ரத்தத்தில் சுற்றும் டிரிப்சினோஜனை அளக்கிறது. டிரிப்சினோஜன் கணையத்தைத் தவிர வேறெங்கும் தயாராவதில்லை என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்த எண் தரையைத் தொட்டால் சுரக்கும் திசுவே அழிந்துவிட்டது என்று பொருள். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமும் அதற்குக் கீழும் போனால் கணையச் சுரப்புக் குறைபாடு உறுதி. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களில் இது அதிகம். கணையத்துக்குக் கைவசம் இருக்கும் சேமிப்பு பெரியது. பத்தில் ஒன்பது பங்குத் திசு போன பிறகுதான் அறிகுறியே வெளியே தெரியும். இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயம். சிறுநீரகம் கெட்டிருந்தால் இதுவும் தேங்கி, குறைவை மறைக்கலாம்.

இவை இரண்டையும் மனித லேபில் கேட்காதீர்கள். முகம் பார்க்கும் சோதனை என்பதால் மனித கிட் நாயின் டிரிப்சினோஜனை அடையாளம் காணாது. ஒரு பூஜ்யம் அச்சாகி வரும், நீங்கள் இடிந்துபோவீர்கள். கால்நடை டாக்டர் வழியாக, கால்நடை லேபுக்குத்தான் போக வேண்டும். சிக்கலான கேஸ் என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கடலூரிலிருந்து ஒரு மணி நேர வழி.

படி 8: பேப்பரை வைத்துவிட்டு நாயைப் பாருங்கள்

முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நாய் நின்றுகொண்டே இருந்தால் அது விளையாட்டுக்குக் கூப்பிடுவது இல்லை. வால் ஆடாது, கண் மங்கியிருக்கும். மேல்வயிறு வலிக்கிறது. கூடவே திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது என்றால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தீபாவளிக்கு மறுநாளும், வீட்டில் விசேஷம் முடிந்து மட்டன் கொழுப்பும் தோலும் தட்டில் கொட்டிய மறுநாளும் இதை அதிகம் எதிர்பார்க்கலாம்.

சுரப்புக் குறைபாடு நேர்மாறு. நாய் வெறிபிடித்தாற்போலத் தின்னும், தன் மலத்தையே தின்னும், அப்படியும் விலா எலும்பு எண்ணலாம். மலம் வெளிறி, அதிகமாக, எண்ணெய்ப் பசையோடு, நாற்றமாக இருக்கும்.

படி 9: நொதிப் பொடி வேண்டுமா?

ஆரோக்கியமான நாய்க்கு வேண்டாம். அதன் கணையம் தேவைக்கு மேலேயே சுரக்கிறது. நீங்கள் வாங்கிக் கொட்டும் பொடி பர்ஸைத்தான் செரிக்கவைக்கும். டிஎல்ஐ குறைந்து சுரப்புக் குறைபாடு உறுதியான நாய்க்கு மட்டும் கணைய நொதிப் பொடி மருந்து. சாப்பாட்டில் கலந்து, ஒவ்வொரு வேளையும், ஆயுள் முழுக்க. அந்த நாய்களுக்கு வைட்டமின் பி12-உம் குறைந்திருப்பது வழக்கம், அதையும் பார்ப்பார்கள்.

நமக்கு வாங்கி வைத்த செரிமான சிரப்பை ஒரு மூடி ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். சர்க்கரை இல்லாத வகையில் சைலிட்டால் கலந்திருந்தால் அது நாய்க்கு விஷம். ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று கீழே தள்ளிவிடும்.

படி 10: நல்ல நாளில் ஒரு நோட்டு

நாய் ஓடியாடித் திரியும்போது, ஒரே லேபில், வருடத்துக்கு ஒருமுறை எடுத்து எழுதிவையுங்கள். தேதி, எடை, லேப், அமைலேஸ், லைபேஸ், கிரியாட்டினின், முந்தைய இரவு என்ன சாப்பிட்டது, என்ன மருந்து. ஆயிரம் நாய்களின் வரம்பைவிட உங்கள் நாயின் சொந்த வரம்பு குறுகலானது. எப்போதும் 850-ஐச் சுற்றி நிற்கும் நாய் ஒருநாள் 1,450 காட்டினால், பேப்பரில் சிவப்பு வராது, உங்கள் நோட்டுக்கு உறைக்கும்.

கறுப்பனின் நோட்டில் இப்போது நான்கு வரிகள். முதல் வரியில் அந்த 912-ஐ எழுதி, பக்கத்தில் 'நம்ம மெஷின், கணக்கில் சேராது' என்று குறித்திருக்கிறேன். அடுத்தவை கால்நடை லேபில் எடுத்த 880, 934, 861. ஐந்தாவதுக்குத் தை மாதம் போக வேண்டும். முதல்நாள் ராத்திரி பிஸ்கட் டப்பாவை அம்மாவுக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைக்கணும்.